புரோஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சைச் செலவைக் கணக்குப் போடுவது எப்படி?

மருத்துவமனை தரும் எஸ்டிமேட்டில் இருப்பது முதல் மாதச் செலவு மட்டும்தான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஐந்தாண்டுச் செலவை எழுதிப் பார்த்த பிறகே எது மலிவு என்று தெரியும்.

முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பாருங்கள். க்ளீசன் (புற்று எவ்வளவு தீவிரம் என்று காட்டும் மதிப்பெண்) 6, பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பி பற்றிய ரத்தப் பரிசோதனை) 10-க்குக் கீழே, கட்டியும் சிறியது என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும்: ஆறு மாதத்துக்கொரு பி.எஸ்.ஏ., ஓராண்டு வாக்கில் மறு பயாப்ஸி, இடையில் எம்.ஆர்.ஐ. பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என எந்தப் பிரிவிலும் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் 2 முதல் 3 சதவீதமே. பயத்தில் அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் பணம் கட்டுவதுதான் இங்கே பெரிய நஷ்டம்.

ஆபரேஷன் என்றால் கட்டணத்தோடு முடிவதில்லை. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். அதை எடுத்தபின் சிறுநீர்க் கசிவு. நாளுக்கு இரண்டு பேட் என்றாலும் மாதம் 60. பி.எஸ்.ஏ. மறுபடி ஏறினால் கதிர்வீச்சுச் செலவும் சேரும். ரோபோ அறுவையில் ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். நோய் கட்டுப்படுவதில் பெரிய வித்தியாசமில்லை. கையில் பழக்கமுள்ள சர்ஜன் யார் என்பதே முக்கியம்.

கரண்ட் வைப்பதில், அதாவது கதிர்வீச்சில், பணத்தைத் தின்பது பயணம். நோயாளி, துணைக்கு வருபவர் இருவரின் ஒருநாள் கூலியையும் போக்குவரத்தையும் சிட்டிங் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 37 சிட்டிங் சொன்னால், 20-இல் முடியுமா என்று கேளுங்கள். பலருக்கு அது சமமான பலன் தருவதாக 2016-இல் வெளியான சிப் (CHHiP) என்ற பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. சிலருக்கு 5 சிட்டிங்கே போதும்.

புற்றை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசி எத்தனை மாதம் என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். கதிர்வீச்சோடு நடுத்தர ஆபத்துக்கு 4 முதல் 6 மாதம், அதிக ஆபத்துக்கு 18 முதல் 36 மாதம். பரவிய நோய்க்குப் பொதுவாக ஆயுள் முழுக்க. அங்கே ஊசிக்குப் பதிலாக விரைகளை அகற்றும் சிறு அறுவை ஒரே தடவைச் செலவு. ஆனால் அதைத் திருப்ப முடியாது. மாத ஊசி, மூன்று மாத ஊசி இரண்டின் விலையையும் மாதத்துக்கு எவ்வளவு என வகுத்து ஒப்பிடுங்கள். கையில் காசில்லை என்று ஊசியைத் தள்ளிப்போட்டால் டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிடும். இதே ஹார்மோனைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரைக்கு ஜெனரிக் (பிராண்ட் பெயரில்லாத அதே மருந்து) இருக்கிறது, 1000 மி.கி.யை வெறும் வயிற்றில் எடுப்பது வழக்கம். உணவோடு 250 மி.கி. தரும் முறையும் உண்டு, அதை டாக்டர் எழுதித் தந்தால் மட்டும்.

காப்பீட்டில் கேட்க வேண்டியது: அட்மிட் ஆகாமல் போடும் ஊசிக்கும் மாத்திரைக்கும் பணம் வருமா, ரோபோவுக்குத் தனி உச்சவரம்பு உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.