தகவல் உரிமை மனுவை எழுதும் முறை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு எழுதுவோர் பலர் அதைக் குறைதீர் மனுவைப் போல எழுதிவிடுவதால், உரிய விடை கிடைக்காமல் போகிறது. இச்சட்டம் தருவது பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ள தகவலை மட்டுமே, ஆகவே "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்பதைவிட, "2023-24 நிதியாண்டில் எங்கள் தெருவின் சாலைப் பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வழங்கவும்" என்று ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் சுட்டிக் கேட்பதே பயன் தரும். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு இந்தத் தாளில் இடமில்லை.

மனுவைத் தமிழிலேயே, அந்தந்த அலுவலகத்தில் தகவல் தரும் பொறுப்பிலுள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு எழுதலாம். தமிழக அரசு அலுவலகமாயின் 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுவது வழக்கம். தகவல் எதற்காக வேண்டும் என்ற காரணத்தைக் கூற வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்வதால், அதை எழுதாமல் விடுவதே நல்லது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் வடிக்க அலுவலரே உதவ வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. மனுவின் நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய அவை தேவைப்படும்.