துறைத்தலைவர் பொறுப்பிலும் கட்டுரை நகர
பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. துறைத்தலைவர் ஆனதும் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்பு, தேர்வுப் பணி என்றே நாள் கரைந்தது. ஆய்வுக் கட்டுரையை விடுமுறையில் எழுதலாம் என்று காத்திருந்து ஒரு வருடம் போனது, வருத்தம்தான்.

இப்போது கோவையில் ரயில் ஏறினால் வாளையார் வரும்வரை வாட்ஸப் திறப்பதில்லை, கட்டுரை மட்டும்தான். அதைவிட முக்கியம் எழுத்தை நிறுத்தும் இடம். பத்தியை முடித்துவிட்டு மூடாதீர்கள். வாக்கியத்தைப் பாதியில் விட்டு, அடுத்து என்ன என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவையுங்கள். ஈரோடு பக்கம் கொடுமணல், கேரளத்தின் பட்டணம் என்ற இரண்டு அகழாய்வு ஊர்கள் பற்றிய கட்டுரையில் நேற்று நான் விட்டது: "கொடுமணல் மணிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்கு... (பட்டணம் அகழாய்வோடு ஒப்பிடு)".

இன்று உட்கார்ந்ததும் கை தானாக ஓடியது. அப்புறம், கல்லூரி மெயில்களுக்கு மதியம் இரண்டு மணிக்குமேல் ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். அவசரமானால் போன் வரும்.