றோபோ சரிந்து விழுகிறதா? முதலில் சென்சரைப் பாருங்கள்

ஒரு முழ உயர மனித உருவ றோபோ நின்ற இடத்திலேயே சரிந்தால் மோட்டாரை மாற்ற ஓடாதீர்கள். தன் சாய்வை அது தப்பாக அறிவதுதான் பெரும்பாலும் காரணம். நமக்கு உட்காதும் உள்ளங்காலும் பார்க்கும் வேலையை இங்கே எம்பியு-6050 சென்சரும் பாதத்து அமுக்க சென்சர்களும் பார்க்கின்றன.

எம்பியு-6050ஐ இடுப்பில் திருகாணி போட்டு இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் உடல் நின்றாலும் அது ஆடும். அதற்குள் இரண்டு அளவிகள். சுழலும் வேகத்தை அளக்கும் கைரோ வேகமானது, ஆனால் அதன் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து கோணம் நகர்ந்துவிடும். புவியீர்ப்பையும் அசைவையும் உணரும் ஆர்முடுகல்மானிக்குக் கீழ்த்திசை எப்போதும் தெரியும், ஆனால் காலடி அதிர்வையும் சாய்வென்று எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் கலக்க வேண்டும்:

கோணம் = 0.98 × (பழைய கோணம் + கைரோ வேகம் × நேர இடைவெளி) + 0.02 × ஆர்முடுகல்மானிக் கோணம்

செக்கனுக்கு 100 தடவை கணித்தால், ஏறக்குறைய அரைச் செக்கனுக்கு மேற்பட்ட நகர்வை ஆர்முடுகல்மானி திருத்தும். நேர இடைவெளியை 0.01 என்று எழுதி வைக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் அளவிடுங்கள்.

அசையாமல் நிறுத்தி 500 வாசிப்புகளின் சராசரியைக் கைரோவிலிருந்து கழியுங்கள். இந்தப் பிழை வெப்பத்தோடு மாறும். குளிரூட்டிய அறையில் அளந்துவிட்டு, வெப்பமான கச்சான் காற்று வீசும் திருகோணமலை உவர்மலை முற்றத்தில் நடக்கவிட்டால் அந்த அளவு செல்லாது. ஓடவிடும் இடத்திலேயே ஐந்து நிமிடம் சூடாகவிட்டு அளவிடுங்கள்.

பாதத்துக்கு நான்கு அமுக்க சென்சர், மூலைக்கு ஒன்று. ஒவ்வொன்றோடும் 10 கிலோஓம் தடையி. உணரும் வட்டத்தின்மேல் சிறு இறப்பர்த் துண்டு ஒட்டாவிட்டால் பாரம் விளிம்பில் இறங்கி வாசிப்பு பொய்க்கும். றோபோவை இயக்கும் ஈஎஸ்பி32 பலகையில் வைஃபை ஓடும்போது இரண்டாம் ஏடிசியின் (சென்சர் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) கால்கள் வாசிக்கா. மிஞ்சுவது வழக்கமாக ஆறு, உங்களுக்குத் தேவை எட்டு. வைஃபையை நிறுத்துங்கள், அல்லது பல சென்சர்களை ஒரே காலில் மாறிமாறி வாசிக்கவிடும் மல்ரிபிளெக்சர் போடுங்கள்.

தரையில் விடுமுன் றோபோவைக் கையில் தூக்கி முன்னால் சாய்த்துப் பாருங்கள். சாய்வைத் திருத்தக் கணுக்கால் திரும்பி, பாதத்தின் விரல்பக்கம் கீழே அழுந்த வேண்டும். மேலே எழுந்தால் நிரலில் கூட்டல்-கழித்தல் குறி தலைகீழ். அப்படியே விட்டால் முகங்குப்புற விழும். ஒரு பாகை சாய்வுக்குக் கணுக்காலில் 0.3 பாகை திருத்தம் என்று தொடங்கி, நடுக்கம் வரும்வரை கூட்டி, பிறகு பாதியாகக் குறையுங்கள். மிச்ச ஆட்டத்தைக் கைரோ வேகத்தில் ஒரு பங்கைச் சேர்த்து அடக்கலாம்.

மூட்டுகளைத் திருப்பும் சேர்வோ மோட்டாருக்கும் சென்சருக்கும் மின் வழங்கலைப் பிரித்துவிடுங்கள், நில வயர் மட்டும் பொது. எம்ஜி996ஆர் சேர்வோ திரும்ப முடியாமல் முட்டிநின்றால் 6 வோல்ற்றில் ஏறக்குறைய 2.5 அம்பியர் இழுக்கும்; மின்னழுத்தம் விழுந்து சென்சர் மீளத் தொடங்கும். டச்சுக்குடாப் பக்க உப்புக்காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பிடித்தாலும் வாசிப்பு உறைந்துவிடும். ஒரே எண் 20 சுற்று மாறாமல் வந்தால் றோபோ முழங்காலை மடக்கி உட்காரும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.