ராணி தலை ரூபாயில் இரண்டு எழுத்து: பழைய பதக்கச் செதுக்குக் கலைஞர் ஒருவரின் வாழ்வையும் மறைவையும் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தாவின் இரும்புப் பெட்டியில் 1840 என்று போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர். ராணியின் கழுத்து முடிகிற வெட்டில் பொடி எழுத்தாக 'டபிள்யூ. டபிள்யூ.' என்று இருந்ததை ஒரு மத்தியானம் தற்செயலாகப் பார்த்தேன். அதற்கு உரியவர் வில்லியம் வயன். 1795-இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர், 1828 முதல் லண்டன் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட்டின் தலைமைச் செதுக்குக் கலைஞர், 1851 அக்டோபர் 29 அன்று பிரைட்டனில் இறந்தவர். இவ்வளவையும் வீட்டிலிருந்தே உறுதிசெய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. வழி தெரிந்தால் ஒரு வாரம் போதும்.

1. எழுத்தைப் படியுங்கள், காசைத் தேய்க்காதீர்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போன் கேமராவை நம்ப வேண்டாம், பளபளப்பில் எழுத்து மறைந்துவிடும். போனில் உள்ள டார்ச் மட்டும் போதும். அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தெளியும். புளி, விபூதி எதுவும் கூடாது. பூஜைப் பாத்திரம் துலக்குவதுபோல் துலக்கினால் முதலில் தேய்வது அந்தப் பொடி எழுத்துதான்.

கையெழுத்தே காலத்தைச் சொல்லும். வயன் 1831-இல் லண்டன் கலைஞர் அமைப்பான ராயல் அகாடமியின் இணை உறுப்பினரானார், 1838-இல் முழு உறுப்பினர். பெயருக்குப் பின்னால் முழு உறுப்பினரைக் குறிக்கும் 'ஆர்.ஏ.' இருந்தால், காசு அடிக்கும் அந்த அச்சு 1838-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ராணி சிங்கத்தோடு நடந்துவரும் 1839-ஆம் ஆண்டு ஐந்து பவுன் தங்க நாணயத்தில் அப்படித்தான் கையொப்பமிட்டிருக்கிறார்.

ஆனால் நம் ரூபாயில் உள்ள 1840-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி நாணயச்சாலைகளில் அதே ஆண்டைப் போட்டுப் பல வருடம் அடித்தார்கள்.

2. குடும்பத்தைப் பிரித்து வையுங்கள்

வயன் என்பது ஒருவர் பெயரல்ல, தலைமுறை தலைமுறையாக இதே தொழில் செய்த குடும்பம். தாமஸ், பீட்டர் என்று 1767-இல் பிறந்த இரட்டையர். பீட்டரின் மகன் நம் வில்லியம். தாமஸின் மகன் இளைய தாமஸ். 1815-இல் இருபத்து மூன்று வயதிலேயே மின்ட்டின் தலைமைச் செதுக்குக் கலைஞராகி, 1817-இல் ஹேஸ்டிங்ஸ் அருகே காசநோயால் இறந்துபோன பிள்ளை. வில்லியமின் மகன் லெனார்ட் சார்லஸ். போதாதென்று எட்வர்ட் வில்லியம் வயன் என்று ஒரு சிற்பி வேறு, 1885-இல் இறந்தவர். 'வில்லியம்' என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடியதால் எட்வர்டின் சிலைகளை நம்மவர் கணக்கில் எழுதிவைத்துப் பிறகு பல பக்கம் கோடு போட்டு அடித்தேன்.

'வாட்டர்லூ பதக்கம்' என்ற பேரிலும் இதே ஆபத்து. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் சண்டையிட்ட வீரர்களுக்குக் கொடுத்த பதக்கம் இளைய தாமஸ் செய்தது. இத்தாலியச் செதுக்குக் கலைஞர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி 1819-இல் ஒப்புக்கொண்டு 1849-இல் அச்சை ஒப்படைத்த பெரிய பதக்கம் வேறு. பிஸ்ட்ருச்சிக்கும் வில்லியமுக்கும் மின்ட்டுக்குள்ளேயே பதவிப் போட்டி நடந்ததால் இரண்டு கதையும் எளிதில் கலந்துவிடும்.

இதற்குக் குடும்ப மர மென்பொருள் வேண்டாம் என்பேன். கோடு போட்ட நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மென்பொருள் ஒரே பெயரைக் கண்டால் 'இருவரும் ஒருவரா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும், ஒரு நாள் அசதியில் ஆம் என்று சொல்லிவிடுவோம்.

3. சாவிலிருந்து தொடங்குங்கள்

பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் அரசு பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலை 1-இல்தான். 1795-இல் பிறந்தவருக்கு ஞானஸ்நானப் பதிவுதான் கதி. 1851-இல் இறந்தவருக்கோ அரசுப் பதிவு உண்டு.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் பட்டியலை 'ஃப்ரீ பி.எம்.டி.' தளத்தில் பணமில்லாமல் தேடலாம். பட்டியல் மூன்று மாதக் கட்டாக இருக்கும். அக்டோபர் 29 என்றால் அக்டோபர்–டிசம்பர் கட்டில், பிரைட்டன் மாவட்டத்தில் பாருங்கள். இறந்த நாளை வைத்தல்ல, பதிவான நாளை வைத்தே கட்டு பிரிப்பார்கள். டிசம்பர் கடைசியில் இறந்தவர் அடுத்த ஆண்டின் முதல் கட்டில் கிடப்பார்.

அந்தத் தளத்தில் உள்ள பழைய பட்டியலில் 1866-க்கு முன் இறந்தவர்களின் வயது இருக்காது. ஒரே பெயரில் இருவர் வந்தால் திணறிப்போவோம். அதனால் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்த இணையப் பட்டியலையும் திறந்துவையுங்கள். அதில் 1837-இலிருந்தே வயது சேர்த்திருக்கிறார்கள். எதனால் இறந்தார் என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது, சான்றிதழ் நகலுக்குத்தான் பணம் கட்ட வேண்டும்.

4. உயில்: நான் சறுக்கிய இடம்

இங்கே எனக்கு மூன்று வாரம் வீணாயிற்று. ஆண்டுவாரியாக அச்சிட்ட தேசிய உயில் பட்டியல் இணையத்தில் இருக்கிறதே என்று அதில் வில்லியம் வயனைத் தேடினேன். இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டேன். அப்போதும் இல்லை. உயிலே எழுதாமல் போயிருக்கிறார் என்று முடிவுகட்டி நோட்டிலும் எழுதிவிட்டேன். தவறு என்னுடையதுதான். அந்தப் பட்டியல் தொடங்குவதே 1858 ஜனவரி 12-இலிருந்து. அதற்கு முன்பு உயில்களைக் கவனித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். தெற்கு இங்கிலாந்தில் வசதியாக வாழ்ந்தவர் என்றால் முதலில் கான்டர்பரி பேராயரின் நீதிமன்றப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ப்ராப் 11' என்ற வரிசையில் இருக்கிறது. அப்பா வில்லியமுக்கு அங்கே தேடுங்கள். 1891-இல் இறந்த மகன் லெனார்டுக்குப் புதிய பட்டியல். ஒரே குடும்பம், இரண்டு வேறு அலமாரி.

மின்ட்டில் அவர் பார்த்த வேலை பற்றிய அலுவலகக் கடிதங்களும் அதே காப்பகத்தில் 'மின்ட்' என்ற தலைப்பு வரிசையில் இருக்கின்றன.

5. அச்சில் வந்தவை

லெனார்ட் ஃபோரரின் பதக்கக் கலைஞர் அகராதி, எட்டுத் தொகுதி. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் படிக்கலாம். வயன்கள் ஆறாம் தொகுதியில். ஏழும் எட்டும் பின்னிணைப்பு, அவற்றையும் விடாதீர்கள். வில்லியம் வயனைப் பற்றி நிக்கோலஸ் கார்லைல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு 1837-இல் வந்தது. ஆள் உயிரோடு இருந்தபோதே வந்த நூல் என்பதால் நம் ரூபாயும் அதில் இல்லை, மரணமும் இல்லை. வீட்டு முகவரி வேண்டுமானால் ஆல்ஜர்னான் கிரேவ்ஸ் தொகுத்த ராயல் அகாடமி கண்காட்சியாளர் பட்டியல் கைகொடுக்கும்.

பிறகு சேர்த்தது

1841 மக்கள்தொகைக் கணக்கில் வயனின் வயது பொருந்தவில்லை என்று வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தாறு என்றால் நாற்பத்தைந்து. 1851 மார்ச் 30 இரவுக் கணக்கில் முழு வயதும் பிறந்த ஊரும் உண்டு. அவர் உயிரோடு இருந்த கடைசிக் கணக்கெடுப்பு அது.

இன்னொருவர், ராணியின் முகம் போட்ட உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்'கைச் செதுக்கியவரும் இவர்தானே என்று கேட்டார். இல்லை. 1837-இல் ராணி லண்டன் நகர மன்றமான கில்ட்ஹாலுக்கு வந்ததன் நினைவாக வயன் செய்த பதக்கத்தில் உள்ள முகம் அது. அதைப் பார்த்து வரைந்தவர் ஹென்றி கோர்போல்ட். தகட்டில் செதுக்கியவர்கள் சார்லஸ் ஹீத், பிரெடரிக் ஹீத். முகம் யாருடைய ஆக்கம், உளி பிடித்தவர் யார் என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள்.

மூன்றாவதாக ஒன்று, இது நானே கண்டது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் பரிசுப் பதக்கப் படம் கிடைத்தால் இரு பக்கமும் பாருங்கள். ராணியும் கணவர் ஆல்பர்ட்டும் இருக்கும் முன்பக்கம் வில்லியமுடையது. பின்பக்கம் மகன் லெனார்டுடையது. அந்தக் கண்காட்சியின் நிறைவு விழா அக்டோபர் 15 அன்று நடந்தது. இரண்டே வாரத்தில் அப்பா போய்விட்டார்.