ட்ரையல் கோஆர்டினேட்டர் ஏன் நிலைப்பதில்லை? மருத்துவமனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து ஆய்வு நடத்தும் மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் இருப்பது டாக்டரின் பெயர். நோயாளியை வரவழைப்பது, ரத்த மாதிரியை நேரத்துக்கு அனுப்புவது, ஒவ்வொரு பதிவையும் சரிபார்ப்பது எல்லாம் கோஆர்டினேட்டர்தான். சென்னையில் இது புதிதல்ல. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கி சிகிச்சை பெறும் மருத்துவமனை) இருப்பதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959இல் காட்டிய சேத்துப்பட்டு காசநோய் மையத்தின் ஆய்விலும், நோயாளிகளின் வீடு தேடிப் போனவர்கள் ஊழியர்களே.

இன்று நடக்கும் பெரிய தவறு, ஒரு ஆய்வை மட்டும் நம்பி ஆள் எடுப்பது. ஸ்பான்சரிடமிருந்து, அதாவது ஆய்வுக்குப் பணம் தரும் மருந்து நிறுவனத்திடமிருந்து, பணம் வரும்வரை சம்பளம், அப்புறம் "அடுத்த ஸ்டடி வந்ததும் கூப்பிடுகிறோம்." இதைக் கேட்டவர் ஆய்வு முடியும் முன்பே ஓஎம்ஆரில் டேட்டா மேனேஜ்மென்ட் வேலைக்கு இன்டர்வியூ போய்விடுவார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஆனால் விடுபட்ட பதிவுகள், ஸ்பான்சரின் கேள்விகள், ஆய்வை முடித்து மூடும் க்ளோஸ் அவுட் என்று வேலை குவிவது அந்தக் கடைசி மாதங்களில்தான். எனவே பட்ஜெட் பேசும்போதே கறாராக இருங்கள். நோயாளி தலைக்கு இவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், தொடக்கச் செலவு, ஸ்கிரீனிங்கில் தகுதி பெறாதவர்களுக்கான செலவு, க்ளோஸ் அவுட் வேலை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லா ஆய்வுப் பணத்தையும் ஒரு பொது நிதியில் சேர்த்து, அதிலிருந்து மாதச் சம்பளம் கொடுங்கள். இரண்டு ஆய்வுகளுக்கு நடுவில் வரும் வெற்று மாதங்களை அந்த நிதி தாங்கும்.

இன்னொரு தவறு, ஜிசிபி (மருந்து ஆய்வை முறையாக நடத்தும் நெறிமுறை) சான்றிதழை மட்டும் பார்த்து வேலை கொடுப்பது. ஆன்லைனில் சில மணி நேரத்தில் கிடைக்கிற சான்றிதழ் அது. இன்டர்வியூவில் தமிழ் ஒப்புதல் படிவத்தின் இரண்டு பக்கத்தைக் கையில் கொடுத்து, வார்டு ஆயாம்மாவுக்கு விளக்கச் சொல்லுங்கள். பக்கவிளைவை மழுப்பாமல், பயமுறுத்தாமல், "வேண்டாம்னா எப்ப வேணா விலகிக்கலாம்மா" என்று அழுத்திச் சொல்கிறாரா பாருங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகளின்படி, புதிய மூலக்கூறு (இதுவரை மருந்தாக அனுமதி பெறாத வேதிப்பொருள்) ஆய்வில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சேர்க்கும்போது இந்த உரையாடலை வீடியோவில் பதிய வேண்டும். சான்றிதழில் தெரியாதது இப்படி விளக்கச் சொல்லும்போது தெரிந்துவிடும்.

வேலைப்பளுவும் சேர்ந்துகொள்கிறது. ஒருவர் தலையில் ஐந்து ஆய்வுகளைக் கட்டாதீர்கள். ஆய்வில் இருக்கும் நோயாளிக்குத் தீவிர பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் விலக்கு இல்லை. மாற்று ஆளும் மாற்று விடுப்பும் இல்லாத இடத்தில் நல்லவர்கள் தங்க மாட்டார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, போன் நம்பர். திருவள்ளூரிலிருந்து வரும் நோயாளி, மருந்து அட்டையின் பின்னால் கோஆர்டினேட்டரின் சொந்த நம்பரைத்தான் எழுதி வைத்திருப்பார். ராத்திரி வாந்தி எடுத்தாலும் அதற்குத்தான் கூப்பிடுவார். வேலையை விட்டுப் போனவருக்கும் அந்த அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். அவர் எடுக்கவில்லை என்றால் நோயாளி யாரிடம் சொல்வார்? ஆய்வுக்கென்று தனி சிம் வாங்கி, அதை எடுக்க முறை போட்டு ஆள் வையுங்கள். போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து வேலை பார்க்கட்டும். புதியவரை நோயாளிகளுக்குப் பழையவரே நேரில் அறிமுகப்படுத்தட்டும். யார் எந்த ஆய்வு வேலையைச் செய்யலாம் என்று சொல்லும் பொறுப்புப் பட்டியலில், டாக்டர் கையெழுத்திட்டுப் பெயர் ஏறும்வரை, புதியவர் ஆய்வு வேலை எதையும் தனியாகச் செய்யக் கூடாது.