ஓட்டோ கியர் காரில் குரூஸ் கொன்ட்ரோல்: ஏ9 (கண்டி-யாழ்ப்பாணம்) வீதிக்கான கைக்குறிப்பு

குரூஸ் கொன்ட்ரோல் என்பது, அக்சிலேட்டரை மிதிக்காமலே வைத்த வேகத்தில் காரை ஓட வைக்கும் வசதி. கியர் டி-யில் (டிரைவ்) இருக்க, வேகம் மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டிய பிறகு (பெரும்பாலான கார்களில் அதற்குக் கீழே பிடிக்காது) மெயின் பட்டனை அழுத்துங்கள். வேண்டிய வேகம் வந்ததும் 'செட்' கொடுத்து, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக் தொட்டால் குரூஸ் விட்டுவிடும். 'ரெஸ்' அழுத்தினால் பழைய வேகத்துக்குப் போகும். என்-க்கு (நியூட்ரல்) தள்ளி குரூஸை நிறுத்தும் பழக்கம் வேண்டாம்.

ஆனையிறவு போன்ற சமதரையில் கியர்பெட்டி மேல் கியரிலேயே நிற்கும், டோர்க் கொன்வேர்ட்டரும் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் பாகம்) பூட்டிக்கொள்ளும், எஞ்சின் அமைதியாக ஓடும். மாத்தளைப் பக்கம் ஏற்றம் தொடங்கினால்தான் சிக்கல். வேகம் குறைந்ததும் காரின் கணினி திரொட்டிலை (எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வை) திறக்கும், கியர் இறங்கும், வேகம் வந்ததும் மறுபடி ஏறும். இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கியர் ஒயில் சூடாகும், பெற்றோலும் வீண். ஓவர்டிரைவை (மிக மேல் கியரை) நிறுத்துங்கள், அல்லது குரூஸை விட்டுவிட்டுக் காலால் ஓட்டுங்கள். சீவீடி (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ) கார்களில் கியர் மாறும் உதறல் இராது; எஞ்சின் இரைச்சல்தான் கூடும்.

இறக்கத்தில் சாதாரண குரூஸ் பிரேக் பிடிக்காது. 70இல் வைத்தது 80ஐத் தாண்டலாம். முதலில் பிரேக்கால் வேகத்தை நன்றாகக் குறைத்து, பிறகு 2 அல்லது எல் (குறைந்த கியர்) போட்டு எஞ்சினால் பிடியுங்கள்.

குரூஸ் பிடிக்கவே இல்லையா? முதலில் பிரேக் பெடல் சுவிட்சைப் பாருங்கள். சில பழைய கார்களில் பிரேக் லைற் பல்ப் பழுதாகியிருந்தாலே போதும், வேலை செய்யாது.

மழையிலும், மாடு படுக்கும் மாங்குளம் பக்க இரவிலும் மெயின் பட்டனையே அணைத்துவிடுங்கள்.