ஆயில் என்ஜின் கிளம்பவில்லையா? டேங்க்கிலிருந்து பார்த்து வாருங்கள்

கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டால், கல்லல், சாக்கோட்டைப் பக்கம் பழைய 5 எச்பி டீசல் என்ஜினைத்தான் தேடுவோம். மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்தது அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணும். உடனே டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும், அதை என்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலையும் கழற்ற வேண்டாம். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே இருக்கும்.

முதலில் ஹேண்டிலைச் சுற்றிப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் டீசல் போகிறது, எரியவில்லை: தண்ணீர் கலந்திருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) குறைந்திருக்கலாம்.

டேங்க். அடி டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து 10 நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு கட்டித் தனியாக நிற்கும். அரை டேங்க்கோடு நிறுத்தி வைத்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து தண்ணீராகச் சேரும். அதுவும் டீசலும் ஒட்டும் இடத்தில் கறுப்பாக, வழவழவென்று அழுக்கு வளர்ந்து பில்டரை அடைக்கும். முழுவதும் வடித்துவிட்டுப் புது டீசலால் அலசுங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளையையும் ஊசியால் குத்திவிடுங்கள். அது அடைத்திருந்தால் என்ஜின் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடும்.

பில்டர். பேப்பர் பில்டரைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். ரப்பர் வளையமும் புதிதாகவே இருக்கட்டும்.

காற்று எடுப்பது. டேங்க்கை வடித்து, பில்டரை மாற்றும்போது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இதில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். டேங்க்கில் பாதிக்கு மேல் டீசல் ஊற்றி, டீசல் வரும் வழியில் உள்ள அடைப்பானை (காக்) திறங்கள். பில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் ஒரே கம்பியாக ஒழுகும்போதே, ஒழுக ஒழுகவே முறுக்குங்கள். நின்றபிறகு முறுக்கினால் காற்று திரும்ப ஏறிவிடும். பம்பிலுள்ள ஸ்க்ரூவிலும் இதே வேலை.

அடுத்து, பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் ஹை பிரஷர் பைப்பின் நட்டை, நாசில் பக்கம், ஒரு சுற்று தளர்த்துங்கள். டிகம்ப்ரஷன் லீவரை (சுற்ற லேசாக இருக்க கம்ப்ரஷனை விடுவிப்பது) தூக்கிவைத்து, என்ஜினை நிறுத்தும் ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்க, ஒருவர் ஹேண்டிலைச் சுற்றட்டும். நட்டில் டீசல் விட்டுவிட்டுத் துள்ளினால் இறுக்கிவிடுங்கள். மறுபடி சுற்றும்போது நாசிலில் 'கர்ர், கர்ர்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் வேகமாகச் சுற்றி, டிகம்ப்ரஷன் லீவரைக் கீழே போட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

டீசல் பம்ப் வரை வந்தும் பைப்பில் துள்ளவில்லையா? பம்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) இறுகியிருக்கும். ஸ்டாப் லீவரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், இழுத்தவுடன் தடையில்லாமல் நகர வேண்டும். இறுகியிருந்தால் டீசல் விட்டு ஊறவைத்து மெல்ல அசைத்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். சுத்தியலால் தட்டவே கூடாது.

ஜாயிண்டில் கசிந்தால் செம்பு வாஷரைப் பாருங்கள். புதிது கிடைக்காத நேரத்தில் பழையதைச் சிவக்கச் சூடாக்கி ஆறவைத்தால் இளகி, மறுபடி நன்றாக உட்காரும்.

நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும். வெளியே கழற்றிச் சோதிக்கும்போது கையைக் குறுக்கே காட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புள்ளி அளவு காயமானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாசில் ஸ்க்ரூவைத் திருப்புவதும், பம்பின் அடியிலுள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) எடுப்பதும், நாசிலைச் சோதிக்கும் டெஸ்டர் வைத்திருக்கும் கடைக்காரர் வேலை.